வினையெச்சம்

மோர்க்குழம்பு வைத்துப் பழகியவர்களுக்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு வேறு மாதிரிப் புரியும் என்று எனக்கு ஓர் எண்ணம். கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம் போன பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிய செவிலித்தாய், பெற்றவளிடம் வந்து சொல்கிறாள்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

கட்டித்தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். அந்தச் சேலையை மாற்றவும் இல்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த இனிய புளிப்புள்ள மோர்க்குழம்பை அவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. கல்லூரியில் இந்தப் பாட்டை நடத்தியவர், கட்டிய சேலை அழுக்கானதுகூடத் தெரியாத அளவுக்கு அவளுக்கு அன்பு என்று விளக்கினார். நாங்களும் நெகிழ்ந்து எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

கல்யாணமாகி அடுப்படிக்கு வந்த பிறகுதான் அதில் சந்தேகம் வந்தது. தயிர்க்குழம்பு அடுப்பில் ஏறிவிட்டால் பக்கத்தை விட்டு நகர முடியாது. தீயைத் தணித்து வைத்துத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்க வேண்டும். கை கழுவ முற்றம் வரை போய் வந்தால் திரிந்து, தண்ணீர் தனியாகவும் கட்டி தனியாகவும் நிற்கும். அந்தப் பெண் கையைச் சேலையில் துடைத்தது அன்பு மிகுந்ததால் அல்ல, குழம்பு திரிந்துவிடும் என்பதால். ‘கழாஅது’, ‘துழந்து’ என்ற இரண்டு சொல்லும் ஒரே அவசரத்தின் இரண்டு முனைகள். உரைகளில் இதை யாரும் சொல்லி என் கண்ணில் பட்டதில்லை. கூடலூர் கிழாருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். குய்ப்புகை கண்ணில் ஏறுவதை எழுதிய மனிதர் எங்கோ ஓர் அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறார். பாட்டின் இலக்கணத்தில் அது தெரிகிறது. எச்சம் என்றால் எஞ்சி நிற்பது, முற்றுப்பெறாதது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ‘வந்து’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். இந்தப் பாட்டில் அவள் செய்த வேலை எல்லாம் எச்சம்: பிசைந்த, உடீஇ, துழந்து, அட்ட. வினைமுற்று ஒன்றே ஒன்று, ‘மகிழ்ந்தன்று’. அதுவும் அவளுடையது இல்லை, அவள் முகத்தினுடையது. அவள் மகிழ்ந்தாள் என்றுகூட இல்லை, முகம் மகிழ்ந்தது, அஃறிணையில். அதுவும் அவன் உண்டதனால். நான் இந்தப் பாட்டை வெறுக்கவில்லை. ‘நுண்ணிதின்’ என்ற சொல்லுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். ஆனால் வீட்டு வேலைக்கு ஏன் வினைமுற்றே வருவதில்லை என்ற கேள்வி எனக்கு இதில்தான் பிடித்தது. பாத்திரம் துலக்கி, கவிழ்த்து, துடைத்து, அடுக்கி, மறுபடி எடுத்து. எங்கே புள்ளி வைப்பது?

அதன்பின் பெண்கள் பாடிய பாட்டுகளில் வினைமுற்றைத் தேடுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது.

ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டை (279) எடுத்துக்கொள்ளலாம். ‘கெடுக சிந்தை’ என்று தொடங்குவது. அன்றொரு நாள் போரில் ஒரு பெண்ணின் உடன்பிறந்தவன் இறந்துபோனான். தந்தை என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. நேற்றைய போரில் கணவன் போனான். இன்றும் பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். அவனுக்கு வேல் ஒன்றைக் கையில் கொடுத்து, வெள்ளை ஆடையை விரித்து உடுத்தி, பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி, போர்க்களம் நோக்கிப் போ என்று அனுப்புகிறாள். வீரத்தாய் என்று தலைப்பிட்டுப் படித்தோம்.

அந்த வேல் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். துணி உடுத்தி, எண்ணெய் தடவி, போய்வா என்று வாசலில் விடுவது: பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் திங்கட்கிழமை எட்டு மணிக்கு நடப்பது. ‘பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி’ என்ற அடியை வாசிக்கும்போது உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. எண்ணெய் தடவிய தலையை அத்தனை சீக்கிரம் கையிலிருந்து விட முடியாது. உச்சியில் ஒரு அழுத்து, காதோரம் ஒரு வழிப்பு, பின்கழுத்தில் ஒரு துடைப்பு என்று நேரம் எடுக்கும். மாசாத்தியார் அந்த நேரத்தைப் பாட்டுக்குள் வைத்துவிட்டு அதன் பிறகுதான் ‘செல்கென விடுமே’ என்கிறார். இங்கே வினைமுற்று அவளுடையது. ஆனால் என்ன வினை பாருங்கள், விடுதல். கையை எடுப்பது.

இன்னொரு சொல் உண்டு, வீரத்தாய் பாடத்தில் யாரும் தொடாதது. பறை கேட்டு ‘விருப்புற்று மயங்கி’ என்கிறார். விரும்பினாள், மயங்கினாள், இரண்டும் அடுத்தடுத்து, நடுவே ‘ஆனாலும்’ என்ற சொல்கூட இல்லாமல். மூத்த மறக்குடியின் மகள் ஒருத்தி, தாய் ஒருத்தி, இருவரும் ஒரே உடம்பில் நிற்கிற இடம் அந்த ‘மயங்கி’. அதைத் தாண்டி அவள் கை தானாக வேலை செய்கிறது. மனம் எந்தப் பக்கம் இருந்தாலும் கை வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

எச்சத்தைத் தேடப் போன இடத்தில் தொழிற்பெயரும் கையில் அகப்பட்டது. பொன்முடியாரின் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ எல்லோருக்கும் மனப்பாடம். புறந்தருதல், சான்றோன் ஆக்குதல், வேல்வடித்துக் கொடுத்தல், நன்னடை நல்கல், களிறெறிந்து பெயர்தல் என்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஐவருக்கும் கடமை பிரித்துக் கொடுக்கிற பாட்டு. அலுவலகத்தில் ஆண்டுதோறும் சுற்றுக்கு வரும் பணிப்பங்கீட்டு ஆணை மாதிரியே இருக்கும். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் அ. சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ என்ற கவிதை இருக்கிறது. அதிலும் ஒரு பெண் தன் கடமைகளை அடுக்குகிறாள். சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, பணிவு, எல்லாம் ‘-தல்’ என்று முடிகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதே வாய்பாடு. தொழிற்பெயருக்குக் காலம் கிடையாது, செய்கிறவள் யார் என்றும் அது சொல்லாது. ஆகவே பட்டியல் போட வசதி. வித்தியாசம் ஒன்றுதான்: பொன்முடியார் ‘என்தலை’ என்று தலையில் ஏற்றுக்கொள்கிறார், சங்கரி அது யாருடைய பார்வை என்று தலைப்பிலேயே எழுதிவிடுகிறார்.

இதோடு சேர்ந்தது பொழுது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்கிறது தொல்காப்பியம். வீட்டுக்குள் அடைபட்டவளுக்கு நிலம் போய்விடுகிறது, பொழுதுதான் மிச்சம். கவிஞர் சல்மாவின் முதல் தொகுப்பு, 2000இல் வந்தது, ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’. நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. உமா மகேஸ்வரியின் ஒரு தொகுப்பு ‘வெறும் பொழுது’. பெயர்களிலேயே கடிகாரம் ஓடுகிறது. துவரங்குறிச்சியில் பூப்படைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, கல்யாணத்துக்குப் பிறகு வீடு தூங்கிய இரவுகளில் கழிப்பறைக்குள் நின்று எழுதினார் என்பதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். தாள்களை ஒளித்து வைத்து, தாயார் வழியாக வெளியே அனுப்பினார். சல்மா என்ற பெயரே வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதற்காக வைத்துக்கொண்டது. அதே பெண் 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தேர்தலில் நின்று வென்று தலைவரானார். முதல் தொகுப்புக்கும் இந்த வெற்றிக்கும் நடுவில் ஓராண்டுதான். வீட்டை ஆறாம் திணை என்று எழுதலாம் என ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். அதைப் புலம்பெயர்ந்தவர்களின் பனிநிலத்துக்கு ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. பாலி மொழியில் பௌத்தத் துறவிப் பெண்கள் பாடிய தேரிகாதையில் முத்தா என்பவள் மூன்று கூனல்களிலிருந்து விடுபட்டேன் என்று குதூகலிக்கிறாள்: உரல், உலக்கை, கூனல் கணவன். முத்தா என்ற பெயருக்கே விடுபட்டவள் என்றுதான் பொருள். வினையே பெயராகிவிட்டது, முடிந்த வினை. படித்தால் சிரிப்பு வரும், பொறாமையும் வரும். ஆனால் என்னை உலுக்கியது முத்தா இல்லை. நம் ஊர்ப் பேய்.

காரைக்கால் அம்மையார் கதை எங்கள் பக்கத்தில் சொல்லித்தரத் தேவையில்லாதது. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. சேக்கிழார் இந்தச் சமையல் நிலவரத்தை மறக்காமல் எழுதுகிறார். ஒரு பழத்தைப் போட்டுச் சோறு படைக்கிறாள் புனிதவதி, பின்னாளில் அம்மையார் ஆகப்போகிறவள். கணவன் வந்து மற்றதைச் சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் கொண்டுவா என்கிறான். இரண்டு பேரைச் சாப்பிட வைக்க வேண்டிய ஒருத்தி, இருந்தது இரண்டு பழம், இப்போது கையில் ஒன்றும் இல்லை. இறைவன் அருளால் பழம் வருகிறது, அவன் மிரண்டு கப்பல் ஏறிப் போகிறான். பாண்டி நாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதியின் பெயரையே வைக்கிறான். தேடி வந்து நிற்கிறவள் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அப்போதுதான் அவள், ‘இவனுக்காகத் தாங்கிய வனப்பு’ நின்ற இந்தத் தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு கொடு என்று கேட்கிறாள்.

மாம்பழம், கறியில்லாத சோறு, கேள்வி கேட்கும் கணவன், எல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேக்கிழார் எழுதியது. அம்மையார் தம் பாட்டுகளில் மாம்பழத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் பாடியது சுடுகாடு. பதினோராம் திருமுறையில் அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைத் திறந்தால் எரிகிற பிணமும் நரியும் கூகையும்தான். சம்சாரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே படித்தால், ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ‘கடைக்கொள்ளி வாங்கி மசித்து மையை விள்ள எழுதி’ வெடவெடவென்று சிரிக்கிறது. அணைந்த கொள்ளிக்கட்டையின் கரியை மசித்து மை கூட்டுகிறது. பிணத்தீ சுட்டுவிட்டதும் புழுதியை அள்ளிப் போட்டு அவிக்கிறது. இது அடுப்படியில் பழகிய கை. அதற்கடுத்துச் சில பாட்டுகள் தள்ளி:

விழுது நிணத்தை விழுங்கியிட்டு
வெண்தலை மாலை விரவப் பூட்டிக்
கழுதுதன் பிள்ளையைக் காளியென்று
பேரிட்டுச் சீருடைத்தா வளர்த்துப்
புழுதி துடைத்து முலைகொடுத்துப்
போயின தாயை வரவுகாணாது
அழுதுறங்கும் புறங்காட்டில் ஆடும்
அப்பன் இடம்திரு ஆலங்காடே.

கழுது என்றால் பேய். நிணம் தின்கிற அந்தப் பேய்க்கு ஒரு குழந்தை இருக்கிறது. காளி என்று பெயர் வைத்திருக்கிறது. சீராக வளர்க்கிறது. உடம்பில் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டு, முலை கொடுத்துவிட்டு, எங்கேயோ போகிறது. தாய் திரும்பி வராததால் பிள்ளை அழுது, அழுதபடியே தூங்கிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1998இல் என் மகன் பிறந்தான். அப்போது மாநில அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 90 நாள். 2011இல் ஆறு மாதமாகி, 2016இல் ஒன்பதாகி, 2021இல் பன்னிரண்டு மாதமானது. இப்போதைய பிள்ளைகள் சொல்லக் கேட்டால் சந்தோஷமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. 91ஆம் நாள் காலை மகனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பால் கொடுத்து, அத்தை மடியில் விட்டுவிட்டு ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். பதினோரு மணிக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். சாப்பாட்டுப் பையில் மாற்று ரவிக்கை ஒன்று மடித்து வைத்திருப்பேன். பதிவறையில் பழைய கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த அறையின் தூசி வாசனையும் பால் வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை இருந்தது. இன்றும் எந்தப் பழைய கோப்பைத் திறந்தாலும் மார்பு ஒரு கணம் இறுகும்.

மதியம் எதிர்வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவேன். அவர்கள் அத்தையை அழைத்து வருவார்கள். அத்தை அதிகம் பேசுகிறவர் இல்லை. “என்ன செய்கிறான் அத்தை?” என்று கேட்டால் தினமும் ஒரே பதில்தான்: “அழுதான். தூங்கிவிட்டான்.”

அழுதுறங்கும். அம்மையாருக்கு இது எப்படித் தெரிந்தது? பிள்ளை பெற்றவர் இல்லை, கதைப்படி. அவருக்கு வாய்த்த ஒரே குழந்தை, அவர் பெயரைச் சுமந்துகொண்டு வேறொருத்தி வயிற்றில் பிறந்தது. குடும்பத்தையும் உடம்பையும் உதறிவிட்டுத் தலையால் நடந்து கயிலை ஏறியவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர், ஈசன் ஆடுகிற இடத்துக்கு அடையாளம் சொல்ல வேண்டிய அடியில், தூங்கிவிட்ட ஒரு பிள்ளையை ஏன் கிடத்துகிறார்?

மறுபடி அந்தப் பாட்டின் வினைகளை எண்ணினேன். விழுங்கியிட்டு, பூட்டி, பேரிட்டு, வளர்த்து, துடைத்து, கொடுத்து. ஆறும் எச்சம். ஏழாவதாகப் போகிறாள். அங்கேயாவது போனாள் என்று முற்றும் என்று பார்த்தால் ‘போயின தாய்’ என்று பெயரெச்சமாக நிற்கிறது. போவது எச்சம், தாய் பெயர். எத்தனை தூரம் போனாலும் அந்தப் பெயர்ச்சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. பேயாக இருந்தாலும். திரும்பி வந்தாளா என்று பாட்டு சொல்லவில்லை. ஏன் போனாய் என்றும் யாரும் கேட்கவில்லை. அழுகிற பிள்ளையைக் காட்டித் தாயைக் குற்றம் சொல்லாத பாட்டு, எனக்குத் தெரிந்து தமிழில் அதிகம் இல்லை. என் மகனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல். இந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். “பேய்க்குக் குழந்தை இருக்குமா?” என்று கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டான்.

அத்தையோடு ஒருமுறை காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஆனி மாதப் பௌர்ணமி. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இருபுறமும் மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சாப்பிடுவது வழக்கம். அன்று எங்கும் பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். அறுபது வயதில், வரம் எதுவும் தேவைப்படாத அத்தை, யாரையும் கேட்காமல் கூட்டத்துக்குள் புகுந்து முந்தானையை விரித்தார். முதல் பழம் தோளில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதைப் பிடித்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. “தள்ளு, தள்ளு, நசுங்கிவிடப் போகிறது” என்று பஸ் நிலையம் வரை மடியிலேயே பொத்திக்கொண்டு வந்தார்.

மறுநாள் அது பிரசாதம் ஆயிற்றே என்று வீட்டிலிருந்த ஏழு பேருக்கும் துண்டு போட்டார். மாமாவுக்குக் கன்னம், பேரனுக்குக் கன்னம், எங்களுக்கெல்லாம் கீற்று. கொட்டை அவருக்கு. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப் படியில் உட்கார்ந்தார். மாமா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். பேரன் இரண்டு முறை கூப்பிட்டான். நான் எட்டிப் பார்த்தேன். சாறு முழங்கை வரை வழிய, கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தார். மாமா மறுபடி கூப்பிட்டார்.

அத்தை எழுந்திருக்கவில்லை.